கான்ஹா காட்டில் ஒரு தாழ்சர்க்கரைக் காலை: நிகழ்வு ஆய்வு

காட்டு லாட்ஜ்களுக்குக் குடும்பங்களை அனுப்பி வைக்கும் தொழிலில் இருப்பவன் நான். மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஓர் உயர்தர லாட்ஜில், ஒரு ஜனவரி மாதம் தங்கிய தமிழ்க் குடும்பத்துக்கு நேர்ந்தது இது. குடும்பத்தினரிடமும், உடன் சென்ற நேச்சுரலிஸ்டிடமும் (விருந்தினரைக் காட்டுக்குள் அழைத்துப்போய் விலங்குகளைக் காட்டி விளக்கும் லாட்ஜ் ஊழியர்), லாட்ஜ் மேலாளரிடமும் தனித்தனியாகக் கேட்டு, மருத்துவமனைச் சீட்டுகளையும் பார்த்து எழுதியிருக்கிறேன். குடும்பம் சம்மதித்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் லாட்ஜின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

வந்தவர்கள் ஐந்து பேர். 71 வயதுப் பெரியவர், அவர் மனைவி, மகள், மருமகன், 12 வயதுப் பேத்தி. கொங்கு நாட்டுக் குடும்பம். பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். புலியைவிட அவருக்குப் பாரசிங்கா மான் மீதுதான் ஆசை. 1970-இல் கான்ஹாவில் வெறும் 66 என்ற எண்ணிக்கைக்கு இறங்கிவிட்ட அந்தச் சதுப்பு மான் இனம், வேலியிட்ட வளாகத்தில் பாதுகாத்தும் புல்வெளிகளை மீட்டும் பெருக்கப்பட்ட கதையைப் பல வருடம் வகுப்பில் சொன்னவர். மகள் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ததே அவருக்காகத்தான்.

அவருக்குச் சர்க்கரை நோய் ஏறத்தாழ இருபது வருடமாக இருக்கிறது. இரத்த அழுத்தமும் உண்டு. க்ளிமெப்பிரைடு, மெட்ஃபார்மின், வாக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போடுவார். அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால். நம் ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளின் மாத்திரை டப்பாவில் இருக்கும் கூட்டணிதான். வீட்டில் காலை ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி. இரவு ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்குச் சாப்பாடு. வருடக்கணக்காக இந்த ஒழுங்கு மாறவில்லை. லோ சுகர் வந்ததாக அவருக்கு நினைவும் இல்லை. மனைவிக்கும் சர்க்கரை உண்டு. அவர் இன்சுலின் பேனா போடுபவர்.

முன்பதிவின்போது லாட்ஜ் அனுப்பிய படிவத்தில் "உடல்நலம் குறித்துத் தெரிவிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று ஒரு வரி இருந்தது. மருமகன் "இல்லை" என்று நிரப்பினார். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எதுவும் இல்லை. கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையை நம்மில் பலர் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கேள்வியும் வேறு பதிலை வரவழைக்கும் விதத்தில் கேட்கப்படவில்லை.

லாட்ஜில் கண்ட நேர ஒழுங்கு

ஞாயிறு காலை விமானத்தில் நாக்பூர் வந்து, அங்கிருந்து ஐந்தாறு மணி நேரம் காரில் பயணம் செய்து, முக்கி நுழைவாயில் பக்கம் இருக்கும் லாட்ஜை மாலையில் அடைந்தார்கள். மூங்கில்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய குடில்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் திண்ணை, படுக்கைக்குள் வெந்நீர்ப் பை, கூப்பிட்ட குரலுக்கு ஆள். குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அங்கே ஒரு நாளின் வடிவமே வேறு. பூங்காவின் வாயில் சூரிய உதயத்தை ஒட்டித் திறக்கும். ஜனவரியில் அது ஆறரை மணிக்கு மேல் ஆகும். வரிசையில் முன்னால் நிற்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கு லாட்ஜை விட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் ஐந்தேகாலுக்குக் கதவைத் தட்டித் தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். காலை உணவைக் கூடையில் கட்டி, சஃபாரிக்குப் போகும் திறந்த ஜீப்பான ஜிப்சியில் ஏற்றிவிடுவார்கள்; காட்டுக்குள் அதற்கென அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் இறங்கிச் சாப்பிட முடியும். அது எட்டரையும் ஆகலாம், ஒன்பதரையும் ஆகலாம். புலி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரவில் முதலில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பேச்சு, பக்கோடா, சூப்; அதன்பின் ஒன்பதரைக்குச் சாப்பாடு.

ஏழரைக்குப் போட வேண்டிய மாத்திரையைப் பெரியவர் காலையில் ஐந்தரைக்குப் போட ஆரம்பித்தார். "சாப்பாட்டுக்கு முன்" என்று சீட்டில் எழுதியிருந்தது. எழுந்தவுடன் வந்த பிஸ்கட்டை அவர் சாப்பாடாக எடுத்துக்கொண்டார். இரவு மாத்திரை மட்டும் வழக்கம்போல் ஏழரைக்கே. அதற்கும் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விழுந்தது. தீ மூட்டிய இடத்தில் தின்ற பக்கோடா அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது.

திங்கள்: கண்ணில் படாமல் போன அறிகுறி

திங்கள் காலைச் சஃபாரியில் காடு அமைதியாக இருந்தது. எச்சரிக்கைக் குரல் ஒன்றும் கேட்காததால் எட்டேகாலுக்கே சாப்பாட்டு இடத்துக்குப் போய்விட்டார்கள். கூடையைத் திறக்கும்போது பெரியவர், "தலை கொஞ்சம் கிறுகிறுங்குது" என்று சொல்லியிருக்கிறார். முந்தின நாள் பயண அலுப்பு என்று எல்லோரும் எண்ணினார்கள். சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

சாப்பிட்டதும் சரியான கிறுகிறுப்பு எதனால் வந்தது என்ற கேள்வியை யாராவது அன்றைக்கே கேட்டிருந்தால் மறுநாள் நடந்தது நடந்திருக்காது. குடும்பத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குளிர், உயரமான வண்டி, குலுங்கும் மண்பாதை, குறைந்த தூக்கம் என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருந்தது.

அன்று மாலை நல்ல சஃபாரி. திரும்பியபின் அலுப்பில் பெரியவர் தீ மூட்டிய இடத்துக்குப் போகாமல் அறையிலேயே இருந்துவிட்டார். மாத்திரையை ஏழரைக்குப் போட்டார். ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மேசைக்கு வந்தவர் ஒரே ஒரு ரொட்டியும் கொஞ்சம் பருப்பும் மட்டும் எடுத்துக்கொண்டார். பல வகை உணவு வரிசையாக வந்தபோதும் "போதும்" என்றுவிட்டார்.

செவ்வாய் காலை: ஓடைக்கரையில்

ஐந்தேகாலுக்குச் சர்க்கரை இல்லாத தேநீர், இரண்டு பிஸ்கட். ஐந்தரைக்கு மாத்திரை. ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். வண்டியில் ஓட்டுநர், வனத்துறை வழிகாட்டி, லாட்ஜின் நேச்சுரலிஸ்ட், குடும்பத்தின் ஐந்து பேர். கான்ஹாவின் புல்வெளிகள் தாழ்வில் இருப்பதால் இரவில் குளிர்காற்று அங்கே வந்து தேங்கும். ஜனவரிக் காலையில் புல் நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். திறந்த ஜிப்சியில் போகும்போது அந்தக் குளிர் எலும்பு வரை இறங்கும். பெரியவர் குரங்குக் குல்லா, மப்ளர், கையுறை, மேலே கம்பளி என்று மூடிக்கொண்டு இரண்டாம் வரிசையின் ஓரத்தில் இருந்தார்.

எட்டு மணிக்குமேல், சால மரங்களும் மூங்கிலும் அடர்ந்த ஓர் ஓடைக்கரையில் மந்தி ஒன்று இருமுவதுபோல் குரல் கொடுத்தது. பின்னாலேயே புள்ளிமான்கள். வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டு இடத்துக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தபோது கடமானும் கத்தத் தொடங்கியது. கடமான் கத்தினால் அது வீண் போகாது என்பது காட்டில் வேலை செய்பவர்களின் கணக்கு. சாப்பாடு தள்ளிப்போடப்பட்டது. மேலும் மூன்று நான்கு ஜிப்சிகள் வந்து சேர்ந்தன. எல்லோர் கண்ணும் ஓடையின் பக்கம்.

எட்டு நாற்பதுக்குப் பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, தாத்தா என்னை உன் பேர் சொல்லிக் கூப்பிடறாரு." மகள் திரும்பிப் பார்த்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்து, "அப்பா, குளிருதா?" என்று கேட்டார். அவர் ஏதோ சொன்னார்; வார்த்தை தெளிவாக இல்லை. கம்பளியின் நுனியை மடிக்க முயன்று, முடியாமல் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார்.

முன்னிருக்கையில் இருந்த நேச்சுரலிஸ்ட் இதைக் கவனித்து, எட்டிக் குல்லாவை மேலே தள்ளினார். நெற்றி நனைந்திருந்தது. கன்னத்தோரம் வியர்வை வழிந்து மப்ளரில் இறங்கியிருந்தது. மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிரில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வியர்க்க வழியில்லை. இந்த நிகழ்வில் எல்லாவற்றையும் திருப்பிய கணம் அதுதான் என்று நினைக்கிறேன். பேச்சுக் குழறலுக்கும் மறதிக்கும் வயதைக் காரணம் காட்டிவிடலாம்; அந்த வியர்வைக்குக் காட்ட முடியாது.

கை நடுங்கவில்லை, படபடப்பும் இல்லை. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்றுதான் குடும்பத்துக்குத் தெரியும். அந்த இரண்டையும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் அடக்கிவிடும்; வியர்வையை மட்டும் அவை அடக்குவதில்லை. இதை மருத்துவர் பிறகுதான் விளக்கினார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

"சாருக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்று நேச்சுரலிஸ்ட் கேட்டார். ஆமாம் என்றதும், உடனே இனிப்பு கொடுக்கச் சொன்னார். மனைவி பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து, "ஏனுங்க, இதை வாயில போட்டுக்குங்க" என்று ஊட்டினார். கூடையில் இருந்த தேநீரில் சர்க்கரைப் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டிக் குடிக்க வைத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க முடிகிறது என்பதை முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பது அந்த நேச்சுரலிஸ்ட் பெற்ற பயிற்சியில் அழுத்திச் சொல்லப்பட்ட விஷயம்.

மகள் கைப்பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்தார். அது எண்ணுக்குப் பதிலாகப் பிழைக் குறி காட்டியது. பல வீட்டுக் கருவிகள் 10 முதல் 40 டிகிரி வெப்பத்துக்குள்தான் வேலை செய்யும். திறந்த வண்டியில் மூன்று மணி நேரம் கிடந்த கருவி அதற்குக் கீழே குளிர்ந்திருந்தது. நேச்சுரலிஸ்ட் அதைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடேற்றச் சொன்னார். எண் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். அவருடைய கணக்கு எளிமையானது. சர்க்கரை இறங்கியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் கேடு. இறங்காமல் இருந்து இனிப்பு கொடுத்திருந்தால், கொஞ்ச நேரம் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, போவதா நிற்பதா. மருமகன், "இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கலாமே, இனிப்பு குடுத்தாச்சு, சரியாயிடும்" என்றார். அவர் கல் நெஞ்சக்காரர் அல்ல. பல மாதத்துக்கு முன்பே அனுமதிச் சீட்டு எடுத்து, பெருந்தொகை கட்டி, மகளுக்குப் புலி காட்ட வேண்டும் என்று வந்தவர். கடமான் கத்திக்கொண்டிருந்தது. மாமனாருக்கு நேர்வது குளிரும் களைப்பும்தான் என்று அவர் நம்பினார். நேச்சுரலிஸ்ட் வாதாடவில்லை. "வண்டி இப்போது கிளம்புகிறது" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டார். விருந்தினர் விருப்பத்துக்கு இடமே கொடுக்காமல் சொன்ன அந்த ஒரு வாக்கியம், இத்தகைய லாட்ஜ்களில் அபூர்வம். அங்கே ஊழியர்களுக்கு முதல் நாளிலிருந்து கற்பிக்கப்படுவது விருந்தினர் மனம் கோணக் கூடாது என்பதுதான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே போவது? நுழைவாயிலுக்கு நாற்பது நிமிடமாவது ஆகும். பூங்காவுக்குள் வேகக் கட்டுப்பாடு உண்டு, பாதையும் அப்படி. அந்தப் பகுதியில் கைப்பேசி எடுக்காது. வழிகாட்டி வேறு யோசனை சொன்னார்: இருபது நிமிடத் தொலைவில் வனத்துறையின் ரோந்து முகாம் ஒன்று இருக்கிறது, அங்கே வயர்லெஸ் உண்டு. முகாமில் செய்தி சொன்னால் வாயிலுக்குத் தகவல் போகும், வாயிலிலிருந்து லாட்ஜுக்குப் போகும், வண்டி தயாராக நிற்கும். அப்படியே முடிவாயிற்று. அவர்கள் கிளம்பிய சிறிது நேரத்தில் பெண்புலி ஒன்று ஓடையைக் கடந்ததாக மற்ற ஜிப்சிக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

இனிப்பு ஏன் எடுபடவில்லை

ஒன்பது மணி. இனிப்பு கொடுத்துக் கால் மணிக்கு மேல் ஆகிவிட்டது. தேறவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட மந்தமாக இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தார், அவ்வளவுதான். மனைவி இன்னொரு கடலை மிட்டாயை உடைத்தார்.

லாட்ஜின் முதலுதவிப் பெட்டியில் ஓர் அட்டை இருந்தது. கால் மணி நேரத்தில் இனிப்பு பலன் தராவிட்டால் குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. பொட்டலமும் பெட்டியிலேயே இருந்தது. காரணம் நேச்சுரலிஸ்டுக்குத் தெரியாது. அட்டையில் இருந்ததைச் செய்தார். ஓடும் வண்டியை நிறுத்தி, எஃகு டம்ளரில் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தார்கள்.

காரணம் மாத்திரையின் மூன்றாவது பெயரில் இருந்தது. வாக்ளிபோஸ், குடலில் மாவுப்பொருளையும் சாதாரணச் சர்க்கரையையும் உடைக்கும் நொதிகளைத் தடுத்து, உணவுக்குப்பின் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. அது உள்ளே இருக்கும்போது சீனி, வெல்லம், மிட்டாய், பிஸ்கட் எதுவும் விரைவாக இரத்தத்தில் சேராது. ஏற்கெனவே உடைந்த நிலையில் இருக்கும் குளுக்கோஸ்தான் சேரும். கடலை மிட்டாயில் கொழுப்பும் இருப்பதால் இன்னும் தாமதம். வீட்டில் யார் கையிலும் முதலில் அகப்படுவது சீனிதான் என்பதால், வாக்ளிபோஸோ அதே வகையைச் சேர்ந்த அகார்போஸோ சேர்ந்த மாத்திரை போடுபவர்களின் குடும்பம் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒன்பது ஐந்துக்கு முகாம் வந்தது. வண்டியை விட்டு யாரும் இறங்கவில்லை. காவலரே வெளியே வந்து கேட்டுக்கொண்டு, வயர்லெஸில் செய்தி சொன்னார். ஒன்பதேகாலுக்குப் பெரியவர் தலையை நிமிர்த்தி, "ஏன் நிக்கறோம், புலி போயிடுச்சா?" என்றார். மனைவி அழுதுவிட்டார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து எடுத்த கருவி இப்போது வேலை செய்தது: 58. குளுக்கோஸ் கொடுத்தபின் வந்த எண் அது. முன்னால் எவ்வளவு இறங்கியிருந்தது என்பது தெரியவே போவதில்லை. 70-க்குக் கீழே இருந்ததால் மறுபடியும் மூன்று டீஸ்பூன். கால் மணி கழித்து 94. பிறகு வாழைப்பழம், அவித்த முட்டை, பராத்தா.

தெளிந்த பிறகு

இந்த இடத்தில்தான் இன்னொரு தவறான முடிவு எடுக்கப்பட்டிருக்கலாம். பெரியவர் முழுத் தெளிவில் இருந்தார். நகைச்சுவையாகப் பேசினார். லாட்ஜுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன், மருத்துவமனை எதற்கு என்றார். மகளும் பாதி மனதோடு தலையாட்டினார். பத்தரைக்கு வாயிலை அடைந்தபோது லாட்ஜ் மேலாளரே காருடன் நின்றிருந்தார். அவர் லாட்ஜின் ஆலோசனை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, மாத்திரை அட்டையில் இருந்த பெயர்களைப் படித்துக் காட்டினார். மருத்துவர் க்ளிமெப்பிரைடு என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த வகை மருந்து, கணையம் தொடர்ந்து இன்சுலின் சுரக்கும்படி செய்யும். சர்க்கரையை ஒரு முறை ஏற்றிவிட்டாலும் மருந்தின் வேலை முடிந்துவிடாது. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் ஒரு நாள் வரைகூட மறுபடி மறுபடி இறங்கக்கூடும்.

பைஹர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சர்க்கரை 101. மதியம் அங்கேயே சோறும் பருப்பும் சாப்பிட்டார். இரண்டு மணியை ஒட்டிப் பார்த்தபோது 62. சாப்பிட்ட பிறகும் இறங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ட்ரிப் ஏற்றி, இரவு முழுக்க மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டார்கள். லாட்ஜ் அறையில் மதியத் தூக்கம் போட்டிருந்தால் அந்த 62 எவ்வளவு ஆகியிருக்கும் என்று மகள் என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார்.

இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.8 என்று வந்தது; இயல்பைவிட அதிகம். அதற்கு முன் எப்போது பார்த்தார்கள் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. சிறுநீரகத்தின் வேகம் குறைந்திருந்ததால் மருந்து உடலில் அதிக நேரம் தங்கியிருக்கிறது. வீட்டில் வேளை தவறாத சாப்பாடு அதை வெளியே தெரியாமல் காத்திருக்கிறது. காட்டின் நேர ஒழுங்கு வெளியே கொண்டுவந்துவிட்டது.

தொடர்ந்து நடந்தது

புதன் காலை திரும்பினார். கான்ஹாவில் புதன் மாலை சஃபாரி கிடையாது என்பதால் அன்று எல்லோருமே லாட்ஜில் இருந்தார்கள், யாருக்கும் எதையும் இழக்கிறோம் என்ற எண்ணம் இல்லாமல். பைஹர் மருத்துவரும் ஊரில் இருக்கும் குடும்ப மருத்துவரும் தொலைபேசியில் பேசி, க்ளிமெப்பிரைடு சேர்ந்த மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். ஊர் திரும்பியபின் சிறுநீரகத்தைப் பார்த்து மருந்து முழுக்க மாற்றப்பட்டது.

அன்று மேலாளர் குடும்பத்துடன் உட்கார்ந்து மற்ற மருந்துகளையும் கேட்டபோது இன்னொன்று வெளிவந்தது. பாட்டியின் இன்சுலின் பேனாக்கள் அறையின் குட்டி ஃப்ரிட்ஜில், உறைபனித் தட்டை ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் மருந்து உறைந்து போயிருந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் வெளியிலேயே தாங்கும். ஜனவரி மாதக் கான்ஹாவில் அதற்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். மாற்றுப் பேனாவை மண்ட்லாவிலிருந்து வரவழைத்தார்கள்.

வியாழன் மாலை, மதியச் சாப்பாட்டுக்குப்பின், பெரியவர் மறுபடி ஜிப்சியில் ஏறினார். காலைச் சஃபாரி வேண்டாம், மாலை மட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புல்வெளியில் பாரசிங்காக் கூட்டம் ஒன்றை அரைமணி நேரம் பார்த்தார்கள். பேத்திக்கு அவர் அங்கேயே பாடம் நடத்தியதாகக் கேள்வி. புலி அந்தப் பயணத்தில் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

லாட்ஜ் மாற்றியவை, நான் மாற்றியவை

லாட்ஜ் படிவத்தின் அந்த ஒற்றைக் கேள்வியை எடுத்துவிட்டது. இப்போது, "தினமும் போடும் மாத்திரை, ஊசி எவை? எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்கிறார்கள். நோயைச் சொல்லத் தயங்குபவர்கள்கூட மாத்திரைப் பெயரை எழுதிவிடுகிறார்கள். சர்க்கரைக்காரர்கள் என்று தெரிந்தால் ஐந்தேகாலுக்குப் பிஸ்கட்டோடு சூடான போஹாவோ உப்புமாவோ வருகிறது. இரவில் விரும்புபவர்களுக்கு எட்டு மணிக்கே சாப்பாடு. எல்லா ஜிப்சியின் பெட்டியிலும் குளுக்கோஸ் பவுடர், அதற்கான தண்ணீர், டம்ளர். அட்டையின் வாசகமும் மாறிவிட்டது: சர்க்கரை நோயாளி என்றால் முதலிலேயே குளுக்கோஸ், கால் மணி காத்திருப்பு இல்லை. அறை ஃப்ரிட்ஜ்களில் மருந்து வைக்கும் தட்டு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

என் பக்கத்தில், அறுபது தாண்டியவர்கள் இருக்கும் குடும்பங்களிடம் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு, லாட்ஜின் நேர அட்டவணையை அச்சிட்டுத் தங்கள் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன். எந்த மாத்திரையை எப்போது போடுவது, எதை நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்; தாங்களாக வேளை மாற்றுவதுதான் இங்கே வினையானது. கூடவே கிரியேட்டினின் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றும் கேட்கச் சொல்கிறேன். குளுக்கோமீட்டரைக் கைப்பையில் வைக்காமல் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஜிப்சியில் பெரியவரின் பக்கத்து இருக்கையில் அவரை நன்றாகத் தெரிந்தவர் உட்கார வேண்டும். வெளியே பார்க்கும் ஆசை உள்ளவர்கள் வேறு வரிசைக்குப் போகட்டும். அன்று அந்த இடத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள், அவள்தான் முதலில் கவனித்தாள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தீராத ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு இடம் தவிர வேறெங்கும் உணவுக் கூடையைத் திறக்க வழிகாட்டிகள் விடுவதில்லை. விலங்குகளை உணவு வாசனைக்குப் பழக்கக் கூடாது, குப்பை விழக் கூடாது என்ற அந்தக் காரணம் சரியானது. அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் எச்சரிக்கைக் குரல் கேட்கும்போது சாப்பாடு தள்ளிப்போவதும் தொடரும். அதனால், மருந்து எடுக்கும் விருந்தினர் உள்ள வண்டி எத்தனை மணிக்குள் சாப்பாட்டு இடத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே ஓட்டுநரிடமும் வழிகாட்டியிடமும் சொல்லி, குடும்பத்தின் எதிரிலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கத்தை இந்த லாட்ஜ் தொடங்கியிருக்கிறது. எட்டரை என்றால் எட்டரை, கடமான் கத்தினாலும். இதற்கு எல்லா விருந்தினரும் இணங்குவதில்லை. மற்ற லாட்ஜ்களில் இதைக் கொண்டுவர நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.